ராமநாதபுரம் கடற்கரையில் குடியை விட உதவும் குழுவைத் தேடுவது எப்படி?

உதவிக்குழு என்பது குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடி மனம்விட்டுப் பேசுமிடம். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இதற்கு நல்ல உதாரணம். கட்டணம் கிடையாது, வருகிறவர் பெயரை வெளியே சொல்வதில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த மீனவக் குப்பங்களில் இது பெரிய ஆறுதல்.

குழு எதற்கு? நாள்பட்ட குடியால் மூளை, மது இல்லாமல் அமைதியடைவதை மறந்துவிடுகிறது. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, 61 நாட்கள் விசைப்படகு கரையில் நிற்கும்போது, வேலையற்ற மாலைகளில் ஏக்கம் தலைதூக்கும். கரைவலையைத் தனியாள் இழுக்க முடியாது, குடியை விடுவதும் அப்படித்தான்.

14446 என்ற இலவச உதவி எண்ணில் கேளுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையிலும் விசாரியுங்கள். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: விடிந்ததும் தேநீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு முதலில் மருத்துவர், பிறகு குழு. குடும்பத்தாருக்கென்று ஆல்-அனான் குழுக்கள் தனியாக உண்டு.

குடியை முழுதாக நிறுத்தியவர்களைத்தான் சேர்ப்பார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தாலே போதும்.