மருத்துவ மாணவர்களின் பர்ன் அவுட்: கேட்டவர்களுக்கு ஒரு மனநல மருத்துவரின் பதில்கள்

ஹவுஸ் சர்ஜன் (எம்பிபிஎஸ் முடிக்கும் முன் பயிற்சி டாக்டராக இருப்பவர்) ஒருவர்: நைட் டூட்டிக்குப் பின் எவ்வளவு தூங்கினாலும் அலுப்பு போகவில்லை டாக்டர். நோயாளி அழுதாலும் மனதில் ஒன்றும் தோன்றுவதில்லை. கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா?

இல்லைம்மா. இது பர்ன் அவுட், அதாவது ஓயாத வேலையால் மனம் களைத்துப்போவதாக இருக்கலாம். உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் தந்த அளவுகோல் அதில் மூன்றைப் பார்க்கிறது: உள்ளுக்குள் வற்றிப்போவது, நோயாளியிடமிருந்து மனம் விலகிப்போவது, 'உருப்படியாக எதுவும் செய்யவில்லை' என்ற எண்ணம். இரண்டாவதை வார்டில் காதாலேயே கேட்கலாம். போன மாதம் "அந்தப் பாட்டிக்கு வலி தாங்க முடியவில்லை" என்றவரே இந்த மாதம் "12ஆம் பெட் மறுபடி கத்துது" என்பார். அவர் கெட்டவரில்லை, ஓய்வே கிடைக்காதவர். முதலில் யூனிட்டில் பேசி இரண்டு நாள் லீவு எடுங்கள்.

ஒரு தந்தை: என் மகன் நீட்டுக்காக இரண்டு வருடம் விழுந்து விழுந்து படித்தவன், மெடிக்கல் காலேஜில் சேர்ந்தபின் புத்தகத்தையே தொடுவதில்லை. சோம்பலா?

அப்படிச் சொல்லிவிடாதீர்கள் ஐயா. பள்ளியில் முதலிடம் வாங்கியவன், முதலிடம் வாங்கியவர்கள் மட்டுமே இருக்கும் வகுப்பில் முதல்முறையாகத் தோற்கிறான். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்கு அனாடமியோடு ஆங்கிலமும் சேர்ந்து அழுத்தும். மனச்சோர்வாகவும் இருக்கலாம், 2016இல் வந்த உலகளாவிய ஆய்வுத் தொகுப்பில் மருத்துவ மாணவர்களில் சுமார் 27 சதவீதம் பேருக்கு அதன் அறிகுறிகள் இருந்தன. போனில் மார்க்கைக் கேட்காமல், தூங்கினாயா என்று கேட்டுப் பாருங்கள்.

பிஜி (முதுநிலை மருத்துவ) மாணவர்: 36 மணி நேரம் தொடர்ந்து டூட்டி. இதற்கு விதியே இல்லையா?

இருக்கிறது. மருத்துவமனையில் வேலை பார்த்தபடி பயிலும் டாக்டர்களுக்கான மத்திய அரசின் 1992 ரெசிடன்சி திட்டம் பொதுவாக வாரம் 48 மணி, ஒரே மூச்சில் 12 மணிக்கு மேல் கூடாது என்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வாரம் 74 மணி, ஒரு நாள் விடுமுறை என்று பரிந்துரைத்தது. என்னைக் கேட்டால் அதுவே அதிகம். அட்டெண்டர் இல்லாமல் ரத்த சாம்பிளை லேபுக்குத் தூக்கி ஓடுவதும், ரவுண்ட்ஸில் நோயாளி முன்னால் திட்டு வாங்குவதும் பர்ன் அவுட்டின் கணக்கில்தான் சேரும். டூட்டி பட்டியலைத் தொடாமல் யோகா வகுப்பு வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

இன்னொருவர்: சைக்கியாட்ரி ஓபிக்குப் போனால் காலேஜுக்குத் தெரிந்துவிடுமே?

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும். கூச்சமாக இருந்தால் வேறு மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ரூம்மேட்டை எழுப்பிச் சொல்லுங்கள்.