அடகு

அன்புள்ள அக்கா,

போன மாதம் அலுவலக வேலையாக லண்டன் போயிருந்தேன். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் திப்பு சுல்தானின் மரப்புலியைப் பார்த்தேன். கீழே கிடக்கும் வெள்ளைக்காரனின் கழுத்தைக் கவ்வும் புலி. ஏழு வயது மகளுக்குக் காட்டப் படம் எடுத்துவந்தேன். ரத்தம் கொதித்தது. இதெல்லாம் நம்மிடம் திரும்பி வர வேண்டாமா? திப்பு நல்லவரா, கெட்டவரா?

ஒரு வாசகர், அண்ணா நகர்

அன்புள்ள தம்பி,

வர வேண்டும். 1799 மே 4 அன்று திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் விழுந்தபோது கொள்ளை போனவைதானே. நல்லவரா கெட்டவரா என்ற சண்டை தினமும் நடக்கிறது, அதற்கு நான் வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குள் ஒரு தடவையாவது போயிருக்கிறாயா? போயிருந்தால் உன் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். லண்டனில் கொதித்த ரத்தம் நம் ஊர்க் கோட்டையைக் கடந்து போகும்போது ஏன் கொதிக்கவில்லை? கோபமாகத்தான் கேட்கிறேன்.

அங்கே திப்புவைப் போரில் தோற்கடித்த கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் பளிங்குச் சிலை இருக்கிறது. தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது. சிலையை விடு, பீடத்தைப் பார். திப்புவின் இரண்டு பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சி. அந்தத் தோல்விக்குப் பின் போட்ட 1792 ஒப்பந்தப்படி திப்புவின் பாதி ராஜ்யம் போயிற்று, அதற்கு மேல் 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர வேண்டும். அதுவரை அப்துல் காலிக்கும் முயிசுதீனும் பிணை. இந்தச் சென்னைக்குத்தான் கொண்டுவந்தார்கள். 1794இல்தான் அப்பாவிடம் திரும்பினார்கள்.

எனக்கு எட்டு வயதில் அப்பா அங்கே கூட்டிப்போனார். அந்தச் சிறுவர்கள் என் கண்ணுக்கு நேரே இருந்தார்கள்.

"இந்தப் பசங்க யாருப்பா?"

"அவங்கப்பா பணம் கட்டணும். அதுவரைக்கும் இவங்களை அடகு வச்சிருக்காங்க."

அடகு எங்கள் வீட்டில் புழங்கிய சொல். அந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கட்டணத்துக்காக அம்மாவின் இரண்டு வளையல்களும் அடகுக் கடையில் இருந்தன. வளையல் கிடந்த இடத்தில் அவள் மணிக்கட்டைச் சுற்றி வெளுத்துப்போன தடம். ரசீதை அரிசி டப்பாவுக்குள் செருகி வைத்திருந்தாள். வட்டி கட்டாவிட்டால் மூழ்கிவிடும் என்று மாதாமாதம் அப்பாவிடம் சொல்வாள்.

"பணம் கட்டலேன்னா இந்தப் பசங்க மூழ்கிடுவாங்களாப்பா?"

அப்பா பதில் சொல்லவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டார். எட்டு வயதுப் பெண்ணைத் தூக்கும் வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது.

பள்ளிப் பாடத்தில் இது ஒரே வரி. "இரு மகன்களும் பிணையாக அளிக்கப்பட்டனர்." நானும் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். இதை வென்றவர்கள் வெட்கப்பட்டு மறைக்கவில்லை, தம்பி. பிள்ளைகளைத் தந்தையைப் போல் அரவணைத்தவர் என்று காரன்வாலிஸுக்குப் பெருமையாகப் படம் வரைந்தார்கள், கல்லில் செதுக்கினார்கள். கடனுக்குப் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டதைக் கருணை என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள், அதுவும் நம் ஊரில். ஒரு மன்னரின் சொந்த உடைமைகள் என்று வாளையும் அங்கியையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். வாள் போனால் அவர் இன்னொரு வாள் செய்துகொண்டிருப்பார். அந்த இரண்டு வருடம் அவர் வீட்டில் எது இல்லாமல் இருந்தது என்பதை எந்தப் பெட்டியில் வைப்பார்கள்?

திருப்பிக் கேட்பது என்றால் நான் முதலில் புலியைக் கேட்க மாட்டேன். தான் கண்ட கனவுகளைத் திப்பு தன் கைப்படப் பாரசீகத்தில் எழுதிய ஏடு பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதைக் கேட்பேன்.

சரி, கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்த ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு போ. லண்டன் படத்தை அப்புறம் காட்டலாம். பீடத்துக்கு முன்னால் நின்று அவள் ஏதாவது கேட்டால் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதே. அவள் என்ன கேட்டாள் என்று அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா