மனநல மருத்துவமனையிலிருந்து திரும்பும் தம்பி: வீட்டில் முதல் வாரங்கள்

கேள்வி: மனச்சிதைவு நோய்க்காக ஆறு வாரம் உள்நோயாளியாக இருந்த என் தம்பி (27) வெள்ளிக்கிழமை வீடு திரும்புகிறான். குளோசபைன் என்ற மாத்திரை தருகிறார்கள். மறுத்தால் சோற்றில் கலந்து கொடுக்கலாம் என்கிறார் அம்மா. அடுத்த மாதம் மாமா மகளின் கல்யாணம். அவனை அழைத்துப் போகலாமா?

பதில்: கிளம்புவதற்கு முன் நீங்களும் தம்பியும் மருத்துவரோடு அமர்ந்து பேசுங்கள். வீடு திரும்புபவரிடமும் அவர் யாருடன் வசிக்கப்போகிறாரோ அவர்களிடமும் கலந்துபேசி, சிகிச்சை எப்படித் தொடரும் என்று திட்டம் வகுப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 98-ஆவது பிரிவு மருத்துவரின் கடமையாக்கியிருக்கிறது. ஆகவே தயங்காமல் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, அடுத்து வரவேண்டிய தேதி, அதுவரைக்குமான மாத்திரை மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

குளோசபைன், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடும் என்பதால், பொதுவாக முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் கசாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். இந்த மாத்திரையால் வரக்கூடிய மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்த வேண்டாம். 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவை நீங்களாகத் தொடங்கக் கூடாது. மருத்துவர் குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏற்றுவார்.

அம்மாவின் தவிப்பு புரிகிறது. ஆயினும், தயிர்சாதத்தில் மாத்திரைத் துகளைக் கண்ட ஒருவர், அதன்பின் தாயின் கையால் ஒரு வாய்கூட வாங்காமல் வாரக்கணக்கில் கடை பன்னும் டீயுமாகவே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். உணவில் யாரோ ஏதோ வைக்கிறார்கள் என்று நோயின் பிடியில் அஞ்சியவருக்கு, அந்த அச்சத்தை நாமே மெய்ப்பித்துவிடுகிறோம். தம்பி மறுத்தால், ஏன் வேண்டாம் என்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். இரவில் எச்சில் வடிவதும் பகலெல்லாம் தூக்கம் அழுத்துவதும் பெரும்பாலும் காரணமாக இருக்கும். இரண்டுக்கும் வழி உண்டு.

பேச்சிலும் கவனம் வேண்டும். குறைகூறலும் அளவு மீறிய கண்காணிப்பும் நிறைந்த வீடுகளில் நோய் அதிகமாகத் திரும்புகிறது என்பதை, லண்டனில் 1950-களில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. “எப்போது வேலைக்குப் போவாய்?” என்ற கேள்வி இப்போதைக்கு வேண்டாம்.

தற்கொலை அபாயம் மிகுந்திருப்பதும் இந்த முதல் வாரங்களில்தான். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். தூக்கம் குறைந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அடுத்த தேதிக்குக் காத்திராமல் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவிலும் பேசலாம்.

கல்யாணத்துக்கு வருகிறாரா என்பதைத் தம்பியே சொல்லட்டும். வருவதானால் மாலை வரவேற்பில் ஒரு மணி நேரம் போதும். விடியற்காலை முகூர்த்தத்துக்காக மண்டபத்தில் தங்கவைத்து அவர் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். இத்தனை நாள் எங்கே என்று உறவினர் கேட்டால் என்ன சொல்வது என்பதை அவர் முன்கூட்டியே முடிவு செய்யட்டும். நீங்களும் அம்மாவும் அதையே சொல்லுங்கள்.