உளவியல் திரில்லர் என்றால் என்ன? ‘மூடுபனி’யை ஏன் அதற்கு உதாரணமாகச் சொல்கிறார்கள்?

கொலை செய்தது யார் என்பதைவிட, அவன் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று பதற வைக்கும் கதைதான் உளவியல் திரில்லர். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து ‘பே’ என்று கத்தினால் அந்த நொடி மட்டும்தான் பயம். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கையை நிறுத்திவிட்டு நம்மையே பார்த்தால்? வயிற்றைக் கலக்கும்.

பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) இந்த இரண்டாவது வகை. பிரதாப் போத்தன்தான் கொலைகாரன் என்பது நமக்கு முன்பே தெரியும். அப்பாவின் கொடுமையில் அம்மா வதைபட்டதைப் பார்த்து வளர்ந்த பையன் அவன். ஷோபாவை ஊட்டிக்குக் கடத்திவந்து, கிடார் வாசித்தபடி பாடுகிறான்: ‘என் இனிய பொன் நிலாவே’. காதல் பாட்டாக ரேடியோவில் கேட்டவர்கள், கேட்பவள் கைதி என்பதை மறந்துவிட்டோம். பாட்டு நிலைத்தது, படம் பின்னுக்குப் போய்விட்டது. அநியாயம்!

அப்புறம் பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’ (1979), ‘மூன்றாம் பிறை’ (1982) இரண்டையும் பாருங்கள். அவற்றில் கொலைகாரன் இல்லை. ஆனால் கிடைக்காத அன்புக்கு ஏங்கும் அதே மனசு இருக்கிறது. ஒளிப்பதிவும் அவரேதான்.

பலர் நினைப்பதுபோல இந்த வகைக்குப் பேயோ கடைசி நிமிடத் திருப்பமோ கட்டாயமில்லை. ‘மூடுபனி’யில் இரண்டும் கிடையாது.