இந்துப்புக்கு மாறியது சரியா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 56. சில வருடங்களாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். லேசான ரத்தக் கொதிப்பும் உண்டு. ‘பாக்கெட் உப்பில் இருக்கும் அயோடின்தான் தைராய்டுக்குக் காரணம், இந்துப்பில் 84 தாதுக்கள் இருக்கின்றன’ என்று வாட்ஸப்பில் வந்ததைப் பார்த்து, வீட்டுச் சமையல் முழுவதையும் இந்துப்புக்கு மாற்றிவிட்டேன். இப்போது மசக்கை அதிகமென்று மகள் எங்களோடு வந்து இருக்கிறாள். மூன்றாவது மாதம். அவளுக்கும் இதே உப்பு போதுமா? தண்ணீரில் விட்டுக் குடிக்கும் மினரல் சொட்டு மருந்து வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, தென்காசி

பதில்: அம்மா, இன்றைக்கே அயோடின் கலந்த உப்புக்கு மாறிவிடுங்கள். விளக்கத்தை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம். மகள் இந்த மாதத்தில் இருக்கும்போது இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரும்பு, துத்தநாகம், தாமிரம், செலினியம், அயோடின் போன்றவற்றை நுண்தாதுக்கள் என்கிறோம். நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கும் குறைவாகவே தேவைப்படுபவை. அயோடின் இன்னும் குறைவு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். எழுபது வருடத்துக்கும் சேர்த்துக் கூட்டினால்கூட நான்கு கிராம் வராது. ஆனால் அந்தத் துளி இல்லாவிட்டால் தைராய்டு சுரப்பியால் ஹார்மோனைத் தயாரிக்கவே முடியாது.

மற்ற தாதுக்கள் பெரும்பாலும் சாப்பாட்டிலேயே வந்துவிடும். அயோடின் விஷயம் வேறு. மழையும் வெள்ளமும் மண்ணில் இருக்கும் அயோடினை அரித்துக்கொண்டு போய்விடுகின்றன. மண்ணில் இல்லாதது நெல்லிலும் காயிலும் எங்கிருந்து வரும்? அதனால்தான் எல்லோரும் தினமும் சாப்பிடும் உப்பில் அதைச் சேர்க்கிறார்கள். 1956-ல் இமயமலை அடிவாரத்தில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் உப்பும் ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் போனது. சில வருடங்களில் அயோடின் உப்பு சாப்பிட்ட ஊர்களில் முன்கழுத்துக் கழலை, அதாவது தைராய்டு சுரப்பி வீங்கும் நோய், வெகுவாகக் குறைந்தது. சாதா உப்பு சாப்பிட்ட ஊர்களில் அப்படிக் குறையவில்லை. நாடு முழுவதும் அயோடின் உப்பு வந்ததற்கு இந்த ஆய்வுதான் அடிப்படை.

சரி, இந்துப்புக்கு வருவோம். அதில் சுமார் 97, 98 சதவீதம் சோடியம் குளோரைடுதான், அதாவது சாதா உப்பேதான். மீதியில் ஏதேதோ தாதுக்கள் தட்டுப்படலாம். ஆனால் நாம் சாப்பிடும் ஒரு டீஸ்பூன் உப்பில் அவை உடம்புக்கு உதவும் அளவில் இருக்காது. அயோடின் இல்லாத குறைதான் பெரிய குறை. சோடியம் ஏறக்குறைய அதே அளவு இருப்பதால் உங்கள் ரத்தக் கொதிப்புக்கும் இதனால் லாபமில்லை. அதற்கு உப்பின் மொத்த அளவைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தைராய்டு பற்றிய பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். இன்று நாங்கள் பார்க்கும் தைராய்டு குறைவில் பெரும்பகுதி, உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது. மிக அதிக அயோடின் அந்த நிலையை மோசமாக்கலாம் என்பது உண்மை. அதனால் கடற்பாசி மாத்திரைகள் உங்களுக்கு வேண்டாம். ஆனால் சமையல் உப்பில் இருப்பது கிராமுக்குச் சில பத்து மைக்ரோகிராம்தான். அதை நிறுத்தத் தேவையில்லை, நிறுத்துவதால் உங்கள் மாத்திரையும் குறையாது.

மகளின் நிலைதான் எனக்குக் கவலை. முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராய்டு ஹார்மோன் முழுவதும் தாயிடமிருந்தே போகிறது. கர்ப்பிணிக்கு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடும் குறைபாட்டில் குழந்தையின் அறிவுத்திறனே பாதிக்கப்படும். பயந்துவிடாதீர்கள், மீன், முட்டை, பால் வழியாகவும் கொஞ்சம் போயிருக்கும். தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று அவளுடைய மருத்துவரிடம் கேளுங்கள். உங்களுக்குத் தைராய்டு இருப்பதையும் இந்துப்பு சாப்பிட்டதையும் அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உப்பு வாங்கும்போது பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்று இருக்கிறதா பாருங்கள். கல் உப்புதான் பிடிக்கும் என்றால் அதிலும் அயோடின் கலந்தது கிடைக்கிறது. ஆனால் கல் உப்பைக் கழுவிக் காயவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், மேலே தெளித்த அயோடின் தண்ணீரோடு போய்விடும். மூடியுள்ள டப்பாவில், அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள். குழம்பு இறக்கும் சமயத்தில் உப்புப் போடுவது நல்லது.

இனி சொட்டு மருந்து. வேண்டாம். தாது எவ்வளவு உள்ளே போகிறது என்பதைவிட எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்பது முக்கியம். 1958-ல் ஈரானின் ஷிராஸ் நகரில் டாக்டர் ஆனந்த பிரசாத்திடம் 21 வயது இளைஞர் ஒருவர் வந்தார். பார்க்கப் பத்து வயதுப் பையன் போல இருந்தார். புளிக்கவைக்காத முழுக் கோதுமை ரொட்டிதான் அவருக்குப் பிரதான உணவு, மண் தின்னும் பழக்கமும் இருந்தது. கோதுமையில் துத்தநாகம் உண்டு. ஆனால் தவிட்டில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. இப்படிப்பட்டவர்களுக்குத் துத்தநாகம் கொடுத்ததும் வளர்ச்சி திரும்பியது, அதற்குப் பிறகுதான் மனிதருக்கும் துத்தநாகக் குறைபாடு வரும் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது.

நம் அடுப்படியில் இதற்கு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. இட்லி மாவு புளிக்கும்போதும், பயறு ஊறி முளைகட்டும்போதும் இந்தப் பைட்டேட் குறைகிறது. வாந்தி குறைவான நேரமாகப் பார்த்து மகளுக்கு இட்லி, முளைகட்டிய பாசிப்பயறு, முட்டை, நன்றாக வெந்த மீன் கொடுங்கள். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். டீயும் காபியும் சாப்பாட்டோடு வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

சொட்டு மருந்தில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று பல சமயம் தெளிவாக இருப்பதில்லை. துத்தநாகம் அளவுக்கு மீறி நாள்கணக்கில் போனால் தாமிரம் குறைந்து ரத்தசோகையே வரலாம். செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளுக்கு இது மாற்றும் அல்ல. அவற்றை எப்போது தொடங்குவது என்பதை மகப்பேறு மருத்துவர் சொல்வார்.

உங்களுக்கு ஒன்று. தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரை எதுவாக இருந்தாலும் நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் சேராது. இந்துப்பு மீதியிருந்தால் கோலப்பொடி டப்பா பக்கத்தில் வைத்துவிடுங்கள், வாசல் படியில் எறும்பு வந்தால் உதவுமோ என்னவோ, சமையலுக்கு மட்டும் எடுக்க வேண்டாம்.