பெங்களூர், சேலம் பிளைட் எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்? நம்ம ஊர் ஆளுங்க கேட்டதுக்கு பதில்

ஓசூர்ல டிக்கெட் போட்டுக் குடுக்கறதுதான் என் பொழப்பு. நேத்து வந்த கேள்விக்கெல்லாம் ஒரே மூச்சுல பதில் போட்டுடறேன்.

பாலக்கோடு தம்பி: அண்ணா, பெங்களூர் டு துபாய் 2,700 கி.மீ.ன்னு காட்டுது. பிளைட் 900 ஸ்பீடுல போகுமாமே, அப்ப மூணு மணி நேரம்தானே? டிக்கெட்ல நாலு மணி நேரத்துக்கு மேல இருக்கே?

பதில்: தம்பி, அந்த 2,700 பூமி உருண்டை மேல நூல் புடிச்சு அளந்த தூரம், பிளைட் அப்படியே நூல் புடிச்ச மாதிரி போகாது, அதுக்குன்னு ரூட் இருக்கு. டிக்கெட்ல இருக்கற நேரமும் பறக்கற நேரம் மட்டும் கெடையாது, பிளைட் இங்க ஏர்போர்ட் கேட்டை விட்டு நகர்ந்ததுல இருந்து அங்க கேட்ல போய் நிக்கற வரைக்கும், ரன்வேக்கு ஊர்ந்து போறது, வரிசைல நிக்கறது எல்லாம் அதுல அடக்கம். 900 ஸ்பீடெல்லாம் முழு உயரத்துக்குப் போன பொறவுதான், ஏறும்போதும் எறங்கும்போதும் கம்மி. பனிக்காலத்துல மேக்கால இருந்து காத்து எதுக்க அடிக்கும், அதனால போறப்ப லேட்டு, வர்றப்ப சீக்கிரம். இன்னொண்ணு, துபாய் நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி. இங்க 10 மணிக்கு ஏறி அங்க 12.40க்கு எறங்கினா ரெண்டே முக்கா மணி நேரம்கூட ஆகலன்னு நெனச்சுக்காத, நாலு மணி பத்து நிமிசம் ஆயிருக்கு.

தருமபுரி அக்கா: சேலத்துல இருந்து சென்னைக்கு அந்த விசிறி பிளைட்டு ரொம்ப ஸ்லோவாப்பா?

பதில்: அக்கா, அந்த விசிறி பிளைட்டு பேரு ஏடிஆர், மணிக்கு 500 கி.மீ. கிட்டதான் போகும், ஜெட்டுல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஆனா தூரமே 265 கி.மீ.தான். பெங்களூர்-சென்னையும் கிட்டத்தட்ட அதேதான், ஜெட்டுல போனாலும் ஒரு மணி நேரம் ஆகுது, முழு ஸ்பீடு புடிக்கறதுக்குள்ள எறங்க ஆரம்பிச்சுடுமே! உங்களுக்கு சேலம் ஏர்போர்ட் இருக்கற காமலாபுரம் அம்பது கி.மீ. பக்கம்தான், தொப்பூர் கணவாய்ல லாரி எதுவும் கவுந்து கெடக்காம இருக்கணும், அவ்ளோதான்.

ஓசூர் நண்பர்: அமெரிக்கா போறதுக்கு வடதுருவம் மேல போறாங்கன்னு சொல்றது ரீலா?

பதில்: நெஜம்தாங்க. 2021 ஜனவரில பெண் பைலட்டுகளே ஓட்டிட்டு சான் பிரான்சிஸ்கோல இருந்து பெங்களூருக்கு நேரா அப்படித்தான் வந்தாங்க, சுமார் 14,000 கி.மீ. தட்டையான மேப்புல பாத்தா கிறுக்குத்தனமாத் தெரியும், உருண்டைல நூல் வெச்சுப் பாருங்க.

அதே நண்பர்: நம்ம ஓசூர் ஏர்போர்ட்டு?

பதில்: 2024 ஜூன்ல சட்டசபைல அறிவிச்சாங்க. பெங்களூர் ஏர்போர்ட்ட சுத்தி 150 கி.மீ.க்குள்ள 2033 வரைக்கும் புதுசு வரக்கூடாதுன்னு ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு, சிக்கல் அங்கதான்.

கிருஷ்ணகிரி அண்ணன்: ராத்திரி 10 மணிக்கு துபாய் பிளைட்டு. வீட்ட விட்டு எப்ப கெளம்பறது?

பதில்: மத்தியானம் சாப்ட்டு ரெண்டு மணிக்கு கெளம்புங்கண்ணா. தேவனஹள்ளி ஏர்போர்ட் 125 கி.மீ. சொச்சம்தான், ஆனா அத்திப்பள்ளி டோல், சில்க் போர்டு, ஹெப்பாள்னு சாயங்காலம் மாட்டினா துபாய் போற நேரம் ரோட்டுலயே போயிரும். பிளைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே செக்-இன் கவுன்டர மூடிருவாங்க. ஊருக்குள்ள போகாம அத்திப்பள்ளில சர்ஜாபூர் பக்கம் திரும்பி ஹொஸ்கோட்டை வழியா போங்க. மாம்பழக் கூடைய மட்டும் முன்னாடியே எடை போட்டு வெச்சுக்கங்க.