மாமனாருக்குப் பிடிக்காத படம்

கேள்வி: உங்கள் விமர்சனத்தைப் படித்துவிட்டு மாமனார், மாமியாரையும் கூட்டிக்கொண்டு ‘கொட்டுக்காளி’ போனோம். விளக்கு போட்டதும் மாமனார், “அவ்வளவுதானா?” என்றார். வீடு வரும்வரை யாரிடமும் பேசவில்லை. நீங்கள் குறை சொன்ன ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை வீட்டில் எல்லோரும் ரசித்தோம். என் கணவரோ, விமர்சனமே வேண்டாம், காலை 6 மணிக் காட்சி பார்த்தவர்கள் சொல்வதே போதும் என்கிறார். யாரை நம்பிப் படத்துக்குப் போவது?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனாரின் கோபம் எனக்குப் புரிகிறது. மல்டிபிளெக்ஸில் குடும்பத்தோடு டிக்கெட் எடுத்து, இடைவேளைக்கு பாப்கார்னும் வாங்கியவருக்கு அப்படிக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் ‘கொட்டுக்காளி’ நல்ல படம் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. அதில் ஓர் இடம். பேய் ஓட்டப் போகும் கூட்டத்தை நடுவழியில் ஒரு மாடு மறித்து நிற்கும். அத்தனை ஆம்பளைகளும் கிட்டே போகப் பயந்து திணறுவார்கள். ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். யாரும் ஒரு வார்த்தை விளக்க மாட்டார்கள். வீரம் பேசும் வீட்டு ஆண்களைப் பற்றி இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

அதே விமர்சனத்தில், பின்னணி இசை கிடையாது, முடிவைப் படம் சொல்லாது, நாம்தான் யோசிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். உங்கள் வீட்டுக்குத் தேவையான வரி அதுதான். படம் நன்று, சுமார் என்ற தீர்ப்பு என் ரசனை. படம் எப்படிப்பட்டது என்ற விவரம் உங்களுக்கானது. மாமனாருக்குக் கதை முடிந்தாக வேண்டும் என்று தெரிந்தால், நான் எவ்வளவு புகழ்ந்தாலும் அவரை விட்டுவிட்டு நீங்கள் இருவர் மட்டும் போய் வாருங்கள்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் எனக்கு இருந்த குறை ஒன்றுதான்: இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி வந்த குடும்பத்துக்கு எல்லாமே சுலபமாக நடந்துவிடுகிறது. மற்றபடி சசிகுமாரும் சிம்ரனும் அந்த வீட்டுக்காரர்களாகவே இருந்தார்கள். நான் சொன்ன குறை உங்கள் ரசனையைக் குறைத்துப் பேசியது ஆகாது. எனக்கு உறுத்தியது உங்களுக்கு உறுத்தவில்லை, சரி, நல்லது.

கணவரின் யோசனைக்கு வருகிறேன். 2023-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். பெங்களூரில் அதற்கு முன்பே ஓட்டிவிடுகிறார்கள். அதனால் சென்னைக்காரர்கள் கிளம்புவதற்குள் உங்கள் ஊரிலிருந்து தீர்ப்பு வந்துவிடுகிறது! தூக்கம் கெட்டு, விசில் சத்தத்துக்கு நடுவில் பார்த்துவிட்டு வாசலில் மைக் நீட்டியவுடன் சொல்வது அந்த நேரத்து உணர்ச்சி. அதையும் கேளுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. 2024-இல் முதல் 3 நாள் விமர்சனமே கூடாது என்று தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. சரியான முடிவு. காசு கொடுத்துப் பார்ப்பவரின் வாயைக் கட்ட முடியாது.

அப்புறம், நாலு பேர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வார இறுதி வரை காத்திருப்பதிலும் ஒரு சிக்கல். ‘மெய்யழகன்’ வெளியான சில நாளிலேயே ஏறக்குறைய 18 நிமிடத்தை வெட்டினார்கள். முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் பார்த்தது வேறு வேறு படம். நீளம் என்று குறைபட்டவர்கள் பலர். எனக்கோ அந்த நிதானம்தான் படத்தின் உயிர். ஊரை விட்டுப் போனவர் பல வருடம் கழித்துத் திரும்பி வரும் கதை என்பதால், ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது இன்னும் நெருக்கமாக இருக்கும்.

மாமனாரைச் சமாதானப்படுத்த ‘லப்பர் பந்து’ போட்டுக் காட்டுங்கள். கிரிக்கெட் ஆடப் போன கணவன் மேல் வந்த கோபத்தில், மனைவியாக வரும் ஸ்வாசிகா டிராக்டரை ஏற்றி மைதானத்தையே உழுதுவிடுவார். மாமியார் முதலில் சிரிப்பார், பாருங்கள்.